ஒட்டுக்குக் கீழே பூத்தது

இகுகோ பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே தெருவே ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டது. புருஷன் துரத்திவிட்டான் என்பது சலவைக் கடையின் கட்சி. இவள்தான் அவனைத் துரத்தினாள் என்பது தோஃபு கடையின் கட்சி. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்க்க வருகிறவள் கோடைக்குப் போடும் உடுப்புகளையும் பெட்டியில் மடித்துக்கொண்டு வருவாளா என்று பக்கத்து வீட்டுக் கினுவே மட்டும் புத்திசாலித்தனமாகக் கேட்டாள். பெட்டிக்குள் இருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நாம் கேட்க வேண்டாம். கொடியில் காய்வதையெல்லாம் கினுவே தன் பொறுப்பாகத்தான் கருதுகிறாள்.

இகுகோவின் அண்ணி நட்சுயோவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. மாமனார் தமெகிச்சிக்கு இரண்டு வருஷம் முன்பு மூளையில் ரத்தக் குழாய் வெடித்து உடம்பின் வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவரைப் புரட்டுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள் தலையில்தான். போன மாதம் டாக்டர், நட்சுயோவின் கணவன் கென்சாகுவைத் தனியே அழைத்துப் போய், கோடை வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டார். தமெகிச்சியிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவர் தனக்கென்று வேறொரு கெடு வைத்திருந்தார். மார்ச் மாதம்.

மார்ச்சில் வாசல் மரம் பூக்கும். குமமோட்டோவில் இந்த ஜாதிக் கமேலியாவை வளர்ப்பவர்கள் ஒரு தனிக் கூட்டம். இதழ் தட்டையாக விரிந்து, நடுவில் மகரந்தக் காம்புகள் வெடித்துச் சிதறியதைப் போல நிற்கும் பூ. தமெகிச்சியின் மரத்தில் அது வெள்ளை, ஒற்றைச் சிவப்புக் கோட்டோடு. அவருடைய மனைவி யசுனோ விதை போட்டு முளைக்க வைத்தது என்றும், அந்த நாற்று நோஞ்சானாக இருந்ததால் அவர் அதன் குச்சியை கமேலியாவுக்கு உறவான முரட்டு ஜாதிச் சசான்கா ஒன்றின் அடிமரத்தில் ஒட்டுக் கட்டிப் பிழைக்க வைத்தார் என்றும், முதல் பூ விரிந்த வருஷமே யசுனோ போய்ச் சேர்ந்தாள் என்றும் தெரு முழுக்கத் தெரியும். பூவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வருகிற மார்ச்சில் கமேலியா வளர்ப்பவர்கள் சங்கத்துப் பெரியவர்கள் வந்து பார்த்து, யசுனோ என்று பெயர் வைப்பதாக ஏற்பாடு.

உலகத்தில் இந்த ஒரே ஒரு மரம். காரணம், அந்தச் சங்கத்தின் வழக்கம். ஒருவர் வீட்டு மரத்தின் குச்சி வாசற்படி தாண்டக் கூடாது. கூடப்பிறந்தவனுக்கும் கொடுக்கக் கூடாது. தமெகிச்சி அதில் படு கறார். ஒட்டு வேலையை மூடிய கதவுக்குப் பின்னால்தான் செய்வார். மரத்தைத் தொட மகனைக்கூட விட்டதில்லை.

இதுவரை கதை அப்படி. இன்றைக்குக் காலையில் நட்சுயோ வாசலைப் பெருக்கப் போனாள்.

*

வேலியோரத்துச் சசான்கா முழுவதும் பூத்திருந்தது. அது வழக்கம்தான். குளிர் ஏற ஏறச் சசான்காவுக்குக் குஷி. வேலியை நட்சுயோதான் பார்த்துக்கொள்கிறாள். பூ முடிந்த கையோடு வெட்டிவிடுவாள். குளிர்காலத்தில் ஒவ்வோர் இலையாகத் திருப்பி, அடியில் மஞ்சள் பஞ்சு போல அப்பியிருக்கும் புழு முட்டைகளைத் தேடி எடுப்பாள். அவற்றை விட்டால் வெயில் வந்ததும் முடிப்புழுவாகும். முடி காற்றில் பறந்து பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும்.

வேலிக்கு அடியில் இளஞ்சிவப்பு இதழ்கள் கிடந்தன. பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே வந்தவள் மரத்தடியிலும் அதே இதழ்கள் கிடப்பதைப் பார்த்தாள். காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று அதையும் பெருக்கினாள். தலையில் ஒன்று விழுந்தது.

நிமிர்ந்தாள். மரம் பூத்திருந்தது.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. டிசம்பரிலேயே பூத்துவிட்டதே, மாமா மார்ச் வரைக்கும் காத்திருக்க வேண்டாமே என்று. அப்புறம்தான் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

கமேலியா முழுப் பூவாக விழும். தலை துண்டாகி விழுவதைப் போல இருக்கிறது என்றுதான் நோயாளி வீட்டுக்கு அதை யாரும் எடுத்துப் போவதில்லை. இதழ் இதழாக உதிர்வது சசான்கா. மரத்தடியில் கிடந்தவை அத்தனையும் ஒற்றை இதழ்கள்.

அடிமரத்தில் முழங்கால் வீக்கத்தைப் போல ஒட்டுக் கணு தெரிந்தது. பூத்திருந்த கிளைகள் எல்லாம் அந்தக் கணுவுக்குக் கீழேயிருந்து கிளம்பியவை, அதாவது சசான்காவின் கிளைகள். கணுவுக்கு மேலே இருந்தது ஒரு வெட்டுத் தழும்பு மட்டும்தான். செப்டம்பரில் நட்சுயோ தன் கையால் ரம்பம் போட்ட இடம்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மாமனார் குனிந்து உட்கார்ந்து அடிமரத்துத் துளிர்களைக் கட்டை விரலால் தேய்த்து எடுப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. சுத்தக்காரர், அதனால் செய்கிறார் என்று நினைத்திருந்தாள். அவர் படுத்த பிறகு அந்தத் துளிர்களை யாரும் தொடவில்லை. அவை ஜோராக வளர்ந்தன. மேலே இருந்த ஒட்டுக் கிளை மெலிந்து மெலிந்து ஒற்றைக் கிளையாக நின்றது. போன மார்ச்சில் அதில் பேருக்குச் சில பூக்கள். செப்டம்பரில் அந்தக் கிளையில்தான் புழு அடையாக அடைந்தது. கினுவேயின் கை தடித்துப்போய், அதை அவள் ரேஷன் சாமான் காட்டுவதைப் போல வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தாள். நட்சுயோ கிளையோடு வெட்டி, பையில் கட்டி, எரிக்கிற குப்பையில் போட்டாள். கீழே இவ்வளவு தழைத்திருக்கிறதே, மரத்துக்கு என்ன குறை என்றுதான் அப்போது தோன்றியது.

அதன் பிறகு மாமனார் ஒவ்வொரு நாளும் கேட்டார், மரம் எப்படி என்று. ஒவ்வொரு நாளும் அவள் சொன்னாள், நல்லாத் தழைச்சிருக்கு மாமா என்று. பொய் இல்லையே.

*

கென்சாகு டிராமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனை இழுத்து வந்து காட்டினாள். பூத்திருக்கே, அப்புறம் என்ன என்றான். விளக்கிச் சொன்னதும் சிகரெட்டைப் பற்றவைத்து, பாதியில் அணைத்தான். அப்பாவிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அவர் மார்ச் வரைக்கும் இருக்கப்போவது என்ன நிச்சயம் என்றான். இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒருவனால் டிராமைப் பிடிக்க ஓட முடிகிறது என்பதைத் தெரு முனையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இன்று பார்த்துச் சங்கத் தலைவர் மியாசோனோ நோயாளியைப் பார்க்க வருகிறார். வருஷம் முடிவதற்குள் ஒரு தடவை வந்து போவது முறை. வாசலில் கால் வைத்ததும் மரத்தைத்தான் பார்ப்பார்.

நட்சுயோ இகுகோவை எழுப்பினாள். அவள் தூக்கக் கலக்கத்தில் அண்ணனின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"அம்மாவோட மரம் இது, அண்ணி."

"தெரியும்."

"கிளையை வெட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"உனக்குப் போன் பண்ணி எதைக் கேக்கச் சொல்றே? மாமாவுக்கு டயபர் எந்தப் பக்கம் கட்டணும்னு கேட்டேனா? கஞ்சி எவ்வளவு குழையணும்னு கேட்டேனா? இதுக்கு மட்டும் கேக்கணுமா?"

இகுகோ உள்ளே போய் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். மியாசோனோ வருவதற்குள் பூவையும் மொட்டையும் ஒன்று விடாமல் பறித்துவிடலாம் என்றாள். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து செய்த முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு பக்கமாகப் பறித்தார்கள். விரல் மரத்துப்போனது. மொட்டுகள் வாளியில் கூழாங்கல்லைப் போல விழுந்தன.

பாதி மரம்கூட முடியவில்லை. கினுவே வீடு வீடாகக் கைமாறும் தெருச் சுற்றறிக்கைப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பலகை பக்கத்து வீட்டுக்கு வந்து சேர நேற்றிலிருந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தது போலும்.

"என்னம்மா இது, இவ்வளவு அழகாப் பூத்ததைப் போய்ப் பறிக்கறீங்க?"

உள்ளே பூ வைக்கத்தான் என்றாள் நட்சுயோ. ஒரு வாளியா என்றாள் கினுவே. மாமா தூங்குகிறார், பலகையைக் கொடுங்கள் என்றாள் நட்சுயோ. கினுவே கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்த வழியே போகாமல் தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிப் போனாள். நட்சுயோவுக்கு அது உறைத்து, வாளியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் பின்னறையின் கண்ணாடிக் கதவு நகரும் சத்தம் கேட்டது.

"தமெகிச்சி அண்ணே, இன்னும் படுத்தே இருக்கீங்களே. எழுந்து வந்து பாருங்க, உங்க மரம் பூத்துக் கொட்டுது. யசுனோ அக்காவே சீக்கிரம் கொண்டாந்துட்டாங்க போல, உங்க கண்ணுல காட்ட."

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். கினுவே செய்கிற காரியம் எல்லாம் நல்லெண்ணத்தில்தான்.

*

நட்சுயோ அறைக்குள் போனபோது தமெகிச்சி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கினுவே போய்விட்டாள், கதவைச் சரியாக மூடாமல். அஸோ மலைக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. நட்சுயோ கதவை மூடினாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணு... கொண்டா," என்றார் அவர். அவருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

குளிராக இருக்கிறது, அப்புறம் கொண்டுவருகிறேன் என்றாள்.

"இப்ப."

அறை வாசலில் இகுகோ நின்றிருந்தாள். கோயில் தோட்டத்தில் முன்கூட்டியே பூக்கிற கமேலியா ஏதாவது இருக்கும், ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வரட்டுமா என்று காதோடு கேட்டாள். வெள்ளையில் ஒற்றைச் சிவப்புக் கோடு போட்டது அங்கே இருக்குமா என்று நட்சுயோ திருப்பிக் கேட்டாள். இருவருக்கும் பதில் தெரியும். நட்சுயோ வாளியிலிருந்து ஒரு பூவை எடுத்தாள். நல்லதாகப் பார்த்து எடுத்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு இலையோடு.

தமெகிச்சி இடது கையால் வாங்கினார். பூவை அவர் பார்க்கவில்லை. இலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். சின்ன இலை. கமேலியா இலையின் பளபளப்பும் கனமும் அதில் இல்லை. இதழ்கள் போர்வை மேல் ஒன்று, அப்புறம் ஒன்று என்று விழுந்தன. கடைசியில் கையில் காம்பும் கொஞ்சம் மகரந்தமும்தான்.

"மேல் கிளை?"

"வெட்டிட்டேன் மாமா. புழு வந்திருந்தது."

"எல்லாமா?"

"ஒண்ணுதானே இருந்தது, மாமா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். கை ஓங்க முடியாத மனுஷன், ஒரு வார்த்தையாவது எறிவார் என்று எதிர்பார்த்தாள். எறிந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யசுனோவின் படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

மத்தியானம் கஞ்சியில் உப்பு போட்ட பிளம் பழத்தைப் பிசைந்து, நீண்ட நேரம் ஆற்றி எடுத்துப் போனாள். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனதும் உதடு இறுகியது. இன்னொரு தடவை கொண்டுபோனாள். இன்னும் இறுகியது. இகுகோ முயன்றாள். அப்பா, எனக்காக என்றாள். அவள் மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காததற்கும் சேர்த்து அந்த உதடு இறுகியிருந்தது. மாத்திரையும் உள்ளே போகவில்லை. தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணையை நனைத்தது.

நட்சுயோ டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். நாளைக்கும் இப்படியே இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார்கள். கூட்டிப் போனால் திரும்பி வரமாட்டார் என்பது அவர்கள் சொல்லாத மிச்சம். கென்சாகுவுக்குப் போன் செய்தாள். அவன் சாயந்திரம் பேசலாம் என்றான்.

*

மியாசோனோ சாயந்திர இருட்டு கட்டத் தொடங்கியபோது வந்தார். கையில் இனிப்புப் பெட்டி, கழுத்தில் நல்ல கம்பளி. படுக்கை அருகே மண்டியிட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் முறைப்படி சொன்னார். சங்கத்தில் எல்லோரும் விசாரித்ததாகச் சொன்னார். மார்ச்சில் சந்திப்போம் என்றும் சொன்னார். தமெகிச்சி கண்ணைத் திறக்கவே இல்லை. விழித்துக்கொண்டிருக்கிறார் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

வழியனுப்ப நட்சுயோ வாசல் வரை வந்தாள். இகுகோ பின்னாலேயே வந்தாள். மியாசோனோ மரத்தடியில் நின்றார். பிற்பாடு இவர்கள் பறித்து முடித்திருந்த பூவில்லா மரத்தை மேலும் கீழும் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"பூவைப் பறிச்சுட்டா இலை வாயை மூடிக்குமா, அம்மா?"

நட்சுயோ தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். யாரிடம், எதற்கு என்றெல்லாம் யோசிக்கவில்லை. அந்தப் பூ உலகத்திலேயே இல்லாமல் போயிற்று, நான்தான் அழித்தேன் என்றாள். மாமா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றும் சொன்னாள்.

மியாசோனோ கம்பளியை அவிழ்த்து மறுபடி கட்டினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மனிதரைப் போல இருந்தார். ஆனால் அவர் முகத்தில் யோசனை இல்லை, ருசி இருந்தது.

"இல்லாம போகல. இந்த வசந்தத்துல பார்த்தேன். ஷிரா ஆத்துக்கு அக்கரைல, பழைய ஓடத்துறைப் பக்கம் ஒரு வீடு. வெள்ளைப் பூ, ஒத்தைச் சிவப்புக் கோடு."

"அப்படி இருக்காதுங்க. இந்த மரத்துலேருந்து ஒரு குச்சி வெளிய போனதில்லைன்னு மாமா..."

"நானும் அப்படித்தான் நம்பினேன். என் தம்பி தன் மாப்பிள்ளைக்கு ஒரு குச்சி குடுத்தான்னு சங்கத்துலேருந்து வெளிய தள்ளினாரே உங்க மாமா, அன்னிக்கும் நம்பினேன்." இலையைக் கீழே போட்டார். "கதவு திறந்திருந்தது. அடிவரைக்கும் பார்த்தேன். அந்த மரத்துல ஒட்டுக் கணுவே இல்லை. விதையிலேருந்து நேரா வளர்ந்தது. இதைவிடத் தடிமன், இதைவிட வயசு."

நட்சுயோவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இகுகோவுக்கு உடனே புரிந்துவிட்டது. விதை போட்டு முளைத்த மரம் அங்கே நிற்கிறது என்றால், இங்கே நின்றது அதன் குச்சி. அம்மா போட்ட விதை, நோஞ்சான் நாற்று, எல்லாம் அப்பா சொன்ன கதை.

"அது யார் வீடு?" என்றாள் இகுகோ.

"நான் பூவைப் பார்க்கப் போனவன்," என்றார் மியாசோனோ. "பெயர்ப் பலகையும் கண்ணுல பட்டது. பொம்பளை பெயர். அவ்வளவுதான்."

குனிந்து வணங்கிவிட்டுப் போனார். இந்த வருஷத்தில் அவர் இவ்வளவு நிமிர்ந்து நடந்து தெரு பார்த்ததில்லை.

*

நட்சுயோ கஞ்சியை மறுபடி சூடாக்கினாள். அடுப்படியில் நின்றபடி ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த வீடு யாருடையதாக இருந்தால் என்ன? அந்தப் பெண் யாராக இருந்தால் என்ன? யசுனோ செத்துப் பல வருஷம் ஆயிற்று. உயிரோடு இருக்கிற மனுஷன் ஒரு பூவுக்காக வாயை மூடிக்கொண்டு சாகக் கிடக்கிறார். காலில் விழுந்தாவது மொட்டோடு ஒரு கிளை கேட்டு வாங்கி, இவர் கண் எதிரே தண்ணீரில் வைத்துவிடலாம். வசந்தத்தில் அடிமரத்தில் மறுபடி ஒட்டுக் கட்டச் சொல்லலாம். கொலைகாரி என்ற பெயர் தனக்கு வராமல் போகும் என்றும் நினைத்தாள். அதையும் சொல்லிவிடுவோம்.

அறையில் விளக்கைப் போட்டாள். படுக்கை அருகே உட்கார்ந்து, அவர் காதோரம் குனிந்தாள்.

"மாமா, பூ சாகலை. அக்கரைல ஒரு வீட்டுல இருக்காம். பழைய ஓடத்துறைப் பக்கம். நாளைக்குக் காலைல போய் ஒரு கிளை வாங்கிட்டு வந்துடறேன்."

தமெகிச்சி கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து எதிர்ப்பக்கம் திரும்பியிருந்த முகம் மெல்ல இவள் பக்கம் வந்தது. சந்தோஷப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் இப்படி ஒரு பார்வையை அவள் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். முதல் முதலாக அவருடைய துணியை அவள் மாற்றிய அன்று.

"அங்க... போகாத."

"ஏன் மாமா? அந்தப் பூதானே வேணும் உங்களுக்கு?"

அவருடைய இடது கை போர்வைக்கு வெளியே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் இவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"போகாத."

பிறகு, காலையிலிருந்து ஒருவராலும் திறக்க முடியாத வாயைத் தானாகவே திறந்தார்.

நட்சுயோ கரண்டியை எடுத்தாள். முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவதும் போனது. புரையேறி இருமினார், இருமி முடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தார். பசியால் சாப்பிடுகிற முகம் இல்லை அது. லஞ்சம் கொடுக்கிறவன் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைப்பானே, அப்படி ஒவ்வொரு வாயையும் விழுங்கினார். கண் மட்டும் அவள் முகத்தை விடவில்லை. கிண்ணம் காலியாயிற்று. மாத்திரையும் போயிற்று.

"சரி மாமா," என்றாள் அவள். "நான் போகலை."

மணிக்கட்டை விட்டார். அவர் வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தோடு நடைக்கு வந்தாள். சறுக்குக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. வாசற்படியில் இகுகோ குனிந்து உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கோட்டுப் பையிலிருந்து செடி வெட்டும் கத்தரிக்கோலின் பிடி தெரிந்தது.

வாக்குக் கொடுத்தது நட்சுயோ. இகுகோவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.